விழிஞத்துக் கல்லும் ஆசானின் சொல்லும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பாறைகள் கடலுக்குள் நீண்டு நிற்கும் ஓர் இயற்கைத் துறை உண்டு. விழிஞ்ஞம் என்பது அதன் இன்றைய பெயர். 2025ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள், பெருங்கப்பல்கள் வந்தணையும் புதிய துறைமுகம் அங்கே நாட்டுக்கு உரியதாக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்ட தமிழருள் பலர் அதனை யாரோ ஓர் அயலாரின் ஊர் என்றே எண்ணியிருப்பர். ஆனால் பாண்டியர் செப்பேடும் சோழர் செப்பேடும் அவ்வூரை ‘விழிஞம்’ என்று பெயர் சுட்டிப் பேசுகின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆய் வேளிரும் சேரரும் பாண்டியரும், பின்னர்ச் சோழரும் தம்முள் பொருது குருதி சிந்திய கடற்கோட்டை அது.

அவ்வூரின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலே, பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை பயிற்றுதல் வேண்டும், அதுவும் நம் மண்ணின் கலையாக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம் இன்று காணப்படுகிறது. போற்றத்தக்க விருப்பமே அது. ஆயினும் அக்கலை வல்ல ஆசான் அண்டையில் இல்லை. ஆகவே கைப்பேசித் திரையிலே தோன்றும் ஆசானை நாடுகிறோம். அடிமுறை, வர்மம், களரி, சிலம்பம் ஆகியவற்றை இணையத்தின் வழியே கற்பிப்போர் இந்நாளில் பலர். அவருள் நல்லாசிரியரும் உளர், அல்லாதாரும் உளர். ‘எம் கலை ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுடையது, அகத்தியர் அருளியது, காந்தளூர்ச் சாலையிலே பயிற்றப்பட்டது, போதிதருமர் வழியே சீனம் சென்றது’ என்று இருசாராரும் ஒன்றுபோலவே பேசுகின்றனர். கேட்பதற்கு இனிய சொற்கள் இவை. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் வாழ்வோருக்கு இன்னும் இனியவை. ஆனால் அங்கே பணயமாக வைக்கப்படுவது பிள்ளையின் முழங்காலும் முதுகெலும்பும் கழுத்தும் ஆகும். எனவே, எவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

இது வரலாற்று ஆராய்ச்சியாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவே. ஒருவர் ஒன்றைக் கூறுகிறார். அது மெய்யா, ஊகமா, கதையா என்று பிரித்தறிய வேண்டும். விழிஞத்தைப் பற்றிய சான்றுகளை அறிஞர் எவ்வாறு எடை போட்டனர் என்று கண்டால், ஆசானின் சொல்லை எடை போடும் வழியும் நமக்குப் புலனாகும்.

முதலிலே, ஐயமின்றித் தெரிந்தவற்றைக் காண்போம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன், வேணாட்டு அரசனை வென்று விழிஞத்தை அழித்தான் என்று அவனது ஸ்ரீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. அவனது 27ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலே இருக்கிறது. விழிஞத்தையும் கரைக்கோட்டையையும் பற்றி நிகழ்ந்த போரில், சேரமானார் படையை எதிர்த்துப் பொருத ரணகீர்த்தி என்னும் பாண்டிய வீரனை அக்கல் நினைவுகூர்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், முதலாம் இராசராசனின் படைத்தலைவன் கடலை அகழியாகக் கொண்ட விழிஞத்தைக் கைப்பற்றினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு உரைக்கிறது. முதற் குலோத்துங்கன் காலத்தும் அங்கே போர் நிகழ்ந்தமையைக் கலிங்கத்துப்பரணி குறிப்பிடுகிறது. ஊரிலே இன்றும் நிற்கும் சிறிய குடைவரைக் கோயில், முற்றுப்பெறாத சிவன் உருவங்களோடு அந்தப் பழங்காலத்துக்குச் சாட்சியாக இருக்கிறது.

இங்கே ரணகீர்த்தியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அவன் வாளும் வேலும் ஏந்தியவன், பெரும்போரிலே நின்றவன். அவனுக்கு அவற்றைக் கற்பித்த ஆசான் ஒருவர் இருந்தே இருத்தல் வேண்டும். கற்பியாமல் கைவருவதன்று போர்த்தொழில். ஆகவே, விழிஞத்தைச் சூழ்ந்த நாட்டிலே எட்டாம் நூற்றாண்டில் போர்ப் பயிற்சி இருந்தது என்று தயக்கமின்றிக் கூறலாம். ஆனால் அந்த ஆசானின் பெயர் என்ன? அவர் கற்பித்த முறை எது? அடவுகள் எவை? கல் இவற்றைக் கூறவில்லை. ‘போர்க்கலை இருந்தது’ என்பது சான்று. ‘அப்போர்க்கலையும் நான் இன்று திரையிலே கற்பிப்பதும் ஒன்றே’ என்பது அதனினும் வேறான மற்றொரு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சொல்லழகினால் மூடிவிடுவோரிடத்திலேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, காந்தளூர்ச் சாலைக்கு வருவோம். இதனைப் பழந்தமிழ்ப் போர்க்கலைக் கல்லூரி என்று சொல்லுவோர் இன்று மிகுதி. இராசராசனின் நான்காம் ஆட்சியாண்டு முதலாகவே அவனது கல்வெட்டுகளில், காந்தளூர்ச் சாலையிலே ‘கலம் அறுத்த’ செயல் புகழப்படுகிறது. இந்த இரு சொற்களுக்குப் பொருள் காண்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். கலம் என்பது கப்பல்; சேரரின் கப்பற்படையை அழித்தான் என்பதே பொருள் என்றனர் சிலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள், கலம் என்பது உண்கலம் என்று கொண்டு, சாலை என்பது உணவளிக்கும் அறச்சாலையே என வாதிட்டார். வழக்கைத் தீர்த்தான் என்று பொருள் கொண்டோரும் உளர். காந்தளூர் எங்கே இருந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. திருவனந்தபுரத்து வலியசாலையே அது என்பது பரவலான கொள்கை.

சாலையினுள் நடந்தது யாது என்பதை அறிய, மற்றொரு செப்பேடு துணைசெய்கிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்னும் ஊரை அமைத்து, அங்கே திருமால் கோயிலையும் 95 சட்டர் தங்கிக் கற்கும் ஒரு சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்குமுறையே இதற்கும் முறை என்று அச்செப்பேடு குறிக்கிறது. அந்த 95 பேரும் எந்தெந்த வேதப் பிரிவினர் என்ற பங்கீடு அதில் உண்டு. சேர்க்கப்பெறுவோர் இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்தோராக இருத்தல் வேண்டும் என்ற தகுதி உண்டு. கடுஞ்சொல் கூறினால் தண்டம் உண்டு. கூட்டத்துக்குப் படைக்கலம் ஏந்தி வரலாகாது என்ற தடையும் உண்டு.

இந்தத் தடையை வைத்து என்ன சொல்லலாம்? சட்டர்களில் படைக்கலம் உடையோர் இருந்தனர் என்று ஊகிக்கலாம். இல்லாத ஒன்றைத் தடுக்க விதி எழுதுவோர் இல்லை. இதனையும் பிற குறிப்புகளையும் சேர்த்து, சாலைகளில் போர்ப் பயிற்சியும் இருந்தது என்று கருதிய வரலாற்றறிஞர் உளர். இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, பதினோராம் நூற்றாண்டுச் சேர சோழப் போர்களின் சூழலிலேயே களரிகள் வளர்ந்தன என்னும் கொள்கையை முன்வைத்தார். இவை ஆராய்ந்து கூறிய கருத்துகள், மறுத்தோரும் உளர். ஆனால் சாலையில் எந்த அடிமுறை கற்பிக்கப்பட்டது, எந்த வர்மம் உரைக்கப்பட்டது என்பதற்குச் செப்பேட்டில் ஓர் எழுத்தும் இல்லை. ஆகவே ‘காந்தளூர்ச் சாலையின் பாடத்தையே கற்பிக்கிறேன்’ என்று ஒருவர் கூறுவாராயின், அவர் செப்பேட்டைப் படித்தவர் அல்லர். அல்லது படித்தும் அதில் இல்லாததை ஏற்றிச் சொல்பவர்.

இன்னொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. அந்நாளைய சாலை தன் தகுதி விதிகளைச் செப்பேட்டிலே பொறித்து வெளிப்படுத்தியது. யார் சேரலாம், எத்தனை பேர், எந்நடத்தைக்கு எத்தண்டம் என்பன மறைவாக இருக்கவில்லை. பழைமையைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ஆசான், இந்த வெளிப்படைத் தன்மையையும் அல்லவா பின்பற்றுதல் வேண்டும்?

களரியைப் பற்றிய தெளிவான நேர்ச் சான்று, அயலார் ஒருவர் எழுத்திலே கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாளக் கரையில் வாழ்ந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் குலச் சிறுவர் ஏழாம் வயது முதல் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படுவதையும், உடலுக்கு எண்ணெய் பூசி உறுப்புகளை வளையச் செய்வதையும், பின்னர்ப் படைக்கலம் பயில்வதையும் விரித்து எழுதினார். கற்பிப்போரைப் பணிக்கர் என்று அழைத்ததையும் குறித்தார். ஆக, களரிப் பயிற்சி குறைந்தது ஐந்நூறு ஆண்டுகளாக உள்ளது என்பதற்கு ஐயமற்ற சாட்சி உண்டு. ஐந்நூறு ஆண்டு சிறிய காலமா? ஐயாயிரம் என்று பெருக்கிச் சொன்னால்தான் பெருமை உண்டாகுமோ?

விழிஞ்ஞம் முதல் நாகர்கோவில் வரையிலான தென்பகுதியில் வழங்கும் முறைக்குத் தனி இயல்பு உண்டு. வடமலையாளத்துக் களரி பரசுராமரைத் தன் முதல்வராகச் சொல்லும். தென்முறை அகத்தியரைச் சொல்லும். வடக்கே கற்பிப்போர் குருக்கள், தெற்கே ஆசான். வடக்கே மெய்ப்பயிற்சியும் கோலும் உலோகப் படையும் முடிந்த பின்னரே வெறுங்கைப் போர் வரும். தெற்கே வெறுங்கை அடிமுறைக்கே முதன்மை. தென்முறையின் வர்ம நூல்கள் தமிழில் உள்ளன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது அவற்றின் வழக்கமான கணக்கு. வடமொழிச் சுசுருத சங்கிதையோ மர்மங்கள் 107 என்று எண்ணுகிறது. கேரள அரசின் எல்லைக்குள்ளும் இக்கலையின் சொற்கள் தமிழாக வாழ்வது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

ஆயினும் ஏடுகளின் காலத்தைப் பற்றிக் கவனம் வேண்டும். அகத்தியர் பெயரைத் தாங்கிய வர்ம நூல்களின் சொல்லும் நடையும் பெரும்பாலும் பிற்காலத்தனவாகவே காணப்படுகின்றன. ஆசிரியர் தம் பெயரை மறைத்துச் சித்தர் பெயரால் நூல் செய்தல் நம் மரபிலே பெருவழக்கு. அது பொய்யன்று, கலையைத் தம்மினும் பெரியாருக்கு உரியதாக்கும் பணிவு. ஆனால் அப்பணிவைக் காலக்கணக்காக மாற்றி, ‘அகத்தியர் பெயர் இருக்கிறது, ஆகவே இத்தனை ஆயிரம் ஆண்டு’ என்று கூட்டிச் சொல்வது முறையன்று. சங்க காலத்திலே மற்போர் இருந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூறு கூறும். மற்போர் இருந்தது என்பதனால் வர்மமும் இன்றுள்ள வடிவிலேயே அன்று இருந்தது என்று முடித்துவிடல் இயலாது.

போதிதருமரின் செய்தியும் இவ்வாறே. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனம் சென்று, ஷாவோலின் மடத்துப் பிக்குகளுக்கு நம் போர்க்கலையைக் கற்பித்தார் என்ற கதை, 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்தின் பின்னர்த் தமிழரிடையே பெரிதும் பரவிற்று. சீனச் சான்றுகள் கூறுவது யாது? 547இல் எழுதிய யாங் சுவான்சி, போதிதருமரைப் பாரசீக நாட்டுப் பிக்கு என்றார். பின்வந்தோர் தென்னிந்தியர் என்றனர். ஆகவே அவர் தென்னாட்டவர் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆயினும் பழஞ்சான்றுகள் ஒருமுகமானவை அல்ல. ஷாவோலின் பிக்குகள் 621இல் ஒரு போரில் ஈடுபட்டதை 728இல் நிறுத்தப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. அதிலே போதிதருமர் போர்க்கலை கற்பித்தார் என்ற பேச்சே இல்லை. அவரோடு உடற்பயிற்சியை இணைக்கும் ‘யிச்சின்சிங்’ என்னும் நூல் 1624ஆம் ஆண்டைச் சார்ந்தது என்று அண்மைக்கால ஆராய்ச்சி காட்டுகிறது. அந்நூலின் பழைய முன்னுரைகள் போலி என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த சீன அறிஞர் லிங் திங்கான் அந்நாளிலேயே எடுத்துக்காட்டினார். போதிதருமர் பிறப்பதற்கு முன்னரே சீனத்தில் கைப்போர் இருந்தது. ஹான் பேரரசின் வரலாற்று நூல், கைப்போர் பற்றிய ஆறு இயல் கொண்ட ஏடு ஒன்றைப் பட்டியலிடுகிறது.

இதனால் போதிதருமரின் பெருமை குறைவதில்லை. சீனமும் சப்பானும் போற்றும் தியான நெறிக்கு அவர் முதல்வர். அந்தப் புகழ் போதும். ஆனால், இந்தக் கதையைத் தம் பயிற்சிப் பள்ளிக்கு நற்சான்றாகக் காட்டும் ஆசானைக் கண்டால், அவர் சான்றுகளை ஆராயும் பழக்கம் உடையவர் அல்லர் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆராயாமல் ஒன்றைச் சொல்பவர் மற்றொன்றையும் ஆராயாமல் சொல்லக்கூடும்.

பழைமை கூறாமலே பெருமை பெற்ற கலையும் உண்டு. சப்பானிய அறிஞர் கனோ ஜிகோரோ 1882இல் கோடோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி, முன்னிருந்த மற்போர் முறைகளிலிருந்து தீங்கு விளைப்பனவற்றை நீக்கி, ஜூடோவை வகுத்தார். தாம் எவரெவரிடம் கற்றார் என்பதை மறைக்கவில்லை. இது புதிய வகுப்பு என்பதையும் மறைக்கவில்லை. இன்று கராத்தே பயில்வோர் கட்டும் கறுப்புக் கச்சையும் அவருடைய தரவரிசை முறையிலிருந்து பரவியதே. அது ஒன்றரை நூற்றாண்டும் நிரம்பாத வழக்கு. பிறந்த நாளைச் சொல்ல வெட்காத ஜூடோ, 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் போட்டியிலே இடம்பெற்றது. மெய்யான கலைக்குப் பொய்யான வயது வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று யாது?

நம் கலையின் மெய்யான வரலாறும் சிறியதன்று. பழசிராசாவின் கிளர்ச்சியை ஒட்டி ஆங்கில ஆட்சி மலபாரில் படைக்கலம் தாங்குவதைத் தடுத்தது. 1809இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சி தோற்ற பின்னர்த் திருவிதாங்கூர்ப் படை பெரிதும் கலைக்கப்பட்டது. களரிகள் பல அழிந்தன. சில வீட்டுக் கொல்லைகளில் மறைந்து வாழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டக்கல் கணாரன் குருக்கள், அவர் மாணவர் சி. வி. நாராயணன் நாயர் ஆகியோர் தலைச்சேரியைச் சூழ்ந்த பகுதியில் அதனை மீட்டனர். 1956இல் சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் சி.வி.என். களரியை நிறுவினார். அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிலிப் சரில்லி அங்கே பல ஆண்டு தாமே பயின்று, வடமுறையையும் தென்முறையையும் ஒப்பிட்டு 1998இல் நூல் வெளியிட்டார். 2022இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலே களரிப்பயிற்று இடம்பெற்றது. இவ்வரலாற்றிலே பெயர்கள் உண்டு, ஆண்டுகள் உண்டு, சாட்சிகள் உண்டு. அறுந்த இடமும் உண்டு, முடிந்த இடமும் உண்டு. எங்கும் அறாத ஐயாயிரம் ஆண்டுச் சங்கிலியைவிட, அறுந்ததை முடிந்தவர் வரலாறே நம்பத்தக்கது. நெஞ்சைத் தொடுவதும் அதுவே.

இனி, ஆசானிடம் வருவோம். பழைய ஊர்களிலே ஆசானுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. ஏன்? அடிமுறை கற்பித்தவரே எலும்பு முறிவுக்குக் கட்டும் போட்டார். சுளுக்குக்கு எண்ணெயும் தடவினார். அவரிடம் கற்றவன் எப்படி நடக்கிறான், அவர் கட்டிய கை எப்படிக் கூடிற்று என்பன ஊரார் கண்முன்னே நிகழ்ந்தன. அவர் கோபக்காரரா, குடிப்பவரா, பிள்ளைகளிடம் எப்படிப் பழகுவார் என்பதும் அண்டை வீட்டார் அறிந்ததே. ஊரே அவருக்குச் சான்றிதழ். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த ஊர் இல்லை. திரையிலே ஆசான் தெரிகிறார். அவருடைய அண்டை வீட்டார் தெரிவதில்லை. ஆயிரம் பேர் பார்த்தனர் என்னும் கணக்கு அண்டை வீட்டாரின் சொல்லுக்கு ஈடாகாது. ஆகையால் அந்த ஊரை நாமே வினவி உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும்.

வினவத்தக்கவை சில. முதலாவது: எவரிடம், எவ்வூரில், எத்தனை ஆண்டு கற்றார்? விடையில் பெயரும் இடமும் காலமும் இருத்தல் வேண்டும். அவற்றை அவருடைய மாணாக்கர் அல்லாத வேறொருவர் உறுதி செய்தல் வேண்டும். ‘குருவின் பெயரைச் சொல்லலாகாது’ என்று மறுப்பாராயின், அது கட்டுப்பாடாகவும் இருக்கலாம். ஆனால் நமக்குச் சான்றாக ஆகாது. பட்டயம் காட்டுவாராயின், அதை வழங்கிய சங்கத்தை நிறுவியவர் யார் என்று காண்க. தாமே நிறுவி, தாமே தலைவராகி, தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பட்டம், தன் புகழைத் தானே பாடும் மெய்க்கீர்த்தி போன்றது. மெய்க்கீர்த்தியையும் வரலாற்றறிஞர் பகைவரின் கல்வெட்டோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்கின்றனர்.

இரண்டாவது: அவர் காட்டும் வித்தை, இணங்காத ஒருவரிடமும் பலிக்கிறதா? தம் மாணாக்கரைத் தொட்டு வீழ்த்துவது எளிது. ஆசானிடத்து உள்ள அச்சமும் மதிப்பும் அவரைத் தாமே விழச் செய்யும். பார்வையாலேயே வீழ்த்தும் நோக்கு வர்மம் என்பது இன்றுவரை எந்த நடுநிலைச் சோதனையிலும் நிறுவப்பட்டதில்லை. சீனத்திலே 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், சூ சியாவ்தோங் என்னும் கலப்புப் போர் வீரர், தைச்சி ஆசிரியர் வெய் லெய் என்பவரைச் செங்து நகரில் எதிர்த்து அரை நிமிடத்துக்குள் வென்றார். அக்காட்சி உலகெங்கும் பரவிப் பெரும் வாதத்தை எழுப்பிற்று. அதனால் தைச்சியே பயனற்றது என்று ஆகிவிடாது. உடல்நலத்துக்காக அதனைப் பயில்வோர் பலர். போரிலும் அது வெல்லும் என்ற கூற்றுக்கு மட்டுமே அன்று சோதனை நேர்ந்தது. கூற்று எதுவோ, அதற்கேற்ற சோதனை வேண்டும். உடல்நலம் தருவேன் என்பவரிடம் போர் வெற்றியைக் கேட்க வேண்டியதில்லை. போரில் வெல்லச் செய்வேன் என்பவர் போர்ச் சோதனையைத் தவிர்த்தலும் கூடாது.

மூன்றாவது: திரையின் எல்லையை அவர் அறிந்தவரா? மெய்ப்பயிற்சியின் வரிசையை, நிலையின் தோற்றத்தை, சொற்களின் பொருளை, கலையின் வரலாற்றைத் திரையிலே கற்பிக்கலாம். ஆனால் எதிர்நிற்பவனின் எடையும் விசையும் தொலைவும் திரையில் வாரா. முழங்கால் சிறிது உள்வாங்குவதைக் கண்டு உடனே கைகொடுத்துத் திருத்துதலும் இயலாது. கழுத்திலும் தலையிலும் வர்மம் தட்டுதலைத் திரை வழியே கற்பிக்க முன்வருபவர், ஒன்று அதன் தீங்கை அறியாதவர். அல்லது அறிந்தும் கருதாதவர். ‘இதற்கு மேல் நேரில் வந்தால் கற்பிப்பேன்’ என்று நிறுத்திக்கொள்பவரிடத்திலே நம்பிக்கை வைக்கலாம்.

நான்காவது: கற்க வருபவரைப் பற்றி அவர் ஏதேனும் கேட்கிறாரா? வயது, முன்பட்ட காயம், மூச்சு நோய், இதய நோய் ஆகியவற்றைக் கேளாமல் பணத்தை மட்டும் கேட்பவர் ஆசிரியர் அல்லர். வர்மத்தால் நோய் தீர்ப்பேன் என்பாராயின், மருத்துவம் செய்வதற்குரிய பதிவு அவருக்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திலே வர்மம் இடம்பெற்றுள்ளது. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் முறையாகக் கற்றுப் பதிவு பெற்றோர் உளர். போர்த்திறம் வேறு, மருத்துவ உரிமை வேறு.

ஐந்தாவது: கேள்வி கேட்டால் அவர் என்ன செய்கிறார்? சினந்து எழுகிறாரா? ‘நம்பிக்கையில்லாதவனுக்குக் கலை வாராது’ என்கிறாரா? அல்லது ‘இது என் ஆசான் சொன்னது, இதற்குச் சான்று உண்டு, இது எனக்குத் தெரியாது’ என்று பிரித்துச் சொல்கிறாரா? இவ்வாறு மூன்றாகப் பிரிக்கத் தெரிந்தவரே தேர்ந்த ஆசான் என்பது நம் கருத்து. மரபு, சான்று, அறியாமை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைப்பவர் வரலாற்றிலும் வழுவுவார். உடலைப் பயிற்றுவதிலும் வழுவுவார்.

இவ்வாறெல்லாம் ஐயுற்றால் ஒன்றையும் கற்க முடியாதே என்று சிலர் கேட்கலாம். ஆராயாமல் நம்புவதை மட்டுமன்று, ஆராய்ந்து தெளிந்தபின் ஐயப்படுவதையும் குற்றமெனக் கண்டவர் வள்ளுவர். தெரிந்து தெளிதல் என்று அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். கல்வெட்டு இல்லாமையால் கலையே இல்லை என்று தள்ளிவிடுதலும் தவறு. குமரி மாவட்டத்து ஊர்களிலும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும், பெயர் வெளியில் தெரியாமல், வீட்டு முற்றத்தில் மாலைதோறும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சுவடு கற்பிக்கும் ஆசான்மார் உண்டு. அவர்களிடம் செப்பேடு இல்லை. ஆனால் கற்றவர் உளர், கண்டவர் உளர், ஊர் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று ஓரிரு நாள் அத்தகைய முற்றத்தில் உட்கார்ந்து பார்க்கச் செய்யலாம். பின்னர்த் திரையில் தோன்றுபவரை அளக்க, அவர்கள் கண்ணிலேயே ஓர் அளவுகோல் வந்துவிடும். தாம் வாழும் ஊரில் பல குடும்பங்கள் சேர்ந்து, அத்தகைய ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நேரில் வரவழைத்தலும் இயலாததன்று. தமிழ்ச் சங்கங்கள் பலவற்றுக்கு அதற்குரிய மண்டபமும் உண்டு.

பழைமையை நேசிப்பது நம் உரிமை. ஆனால் நேசம் உண்மையானால், உள்ளதை உள்ளவாறே அறிய விரும்பும். விழிஞத்துப் போரிலே நின்ற ரணகீர்த்தியின் பெயரைக் காத்து வைத்த கல், அவன் ஆசானின் பெயரைச் சொல்லாமல் விட்டது. அந்த வெற்றிடத்தில் தம் பெயரை எழுதிக்கொள்ள இன்று பலர் முந்துகின்றனர். அதனை வெற்றிடமாகவே விட்டுவைத்து, தாம் கற்றதை மட்டும் தாம் கற்றவாறு கற்பிக்கும் ஒருவரைக் கண்டால், அவரிடம் நம் பிள்ளைகளை அச்சமின்றி ஒப்படைக்கலாம்.